நெஞ்சைச் சுற்றிக் கட்டிய நீர்

கிள்ளான் துறைமுகத்தில் என் கணவர் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கம்பெனி லயத்தில் எங்களுக்கு ஓர் அறை. அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. குழாயடியிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு தடவை நிற்பார். சாயங்காலமானால் மேல் காயும், காலும் வீங்கும். மல்லாந்து படுத்தால் நெஞ்சை அடைக்கிறது என்று, தகரப் பெட்டிமேல் தலையணையைப் போட்டு, உட்கார்ந்து முன்பக்கம் கவிழ்ந்தபடியே தூங்கினார்.

கம்பெனியில் மருந்து கொடுக்கிற டிரெசர், கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்ததோடு சரி. சட்டையைக் கழற்றக்கூடச் சொல்லவில்லை.

“பெரிபெரிதான், சத்துக் கொறைச்சல். தவிடு கரைச்சிக் குடு. சோம்பேறித்தனம் வேற இருக்கு லா இவனுக்கு.”

நானும் அதை நம்பினேன். ஒருநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. “நடிக்காதீங்க” என்று சொல்லிவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வேலைக்குப் போனார். பத்து மணிக்கெல்லாம் மூட்டையோடு விழுந்துவிட்டார் என்று ஆள் வந்தது.

ரயிலேற்றிக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். கழுத்தில் கயிறுபோலப் புடைத்திருந்த நரம்பைத்தான் முதலில் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னார்.

“இஞ்ச தொட்டுப் பாருங்கோ அம்மா. மூச்சு இழுக்கேக்க நாடி தளருது. இருதயத்தைச் சுத்தித் தண்ணி கட்டியிருக்கு. அதுக்கு விரிய இடமில்லை.”

நெஞ்சில் நீண்ட ஊசியைச் செலுத்தித் தண்ணீரை எடுத்தார்கள். ரத்தம் கலந்த கலங்கல் தண்ணீர், ஒரு பாத்திரம் நிறைய. அன்று மத்தியானமே அவர் காலை நீட்டி மல்லாந்து தூங்கினார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

“சயரோகத்தாலை வந்தது. திரும்பவும் கட்டும்” என்றார் டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது. “நரம்பு புடைச்சாலோ நாடி தளர்ந்தாலோ உடனே கொண்டு வாங்கோ.”

மூன்றாவது வாரம் நாடி என் விரலுக்கடியில் நழுவியது. சட்டென்று புரிந்துவிட்டது. டிரெசர் எழுதித் தருகிற சீட்டு இல்லாமல் லயத்தைவிட்டுப் போனால் வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். டிரெசரிடம் ஓடினேன்.

“போன மாசந்தானே போய்ட்டு வந்தான்? நாடி பாக்க நீ என்ன டாக்டரா? நாளைக்கு வா.”

அங்கேயே நின்று கெஞ்சினேன். அரை நாள் போய்விட்டது. கடைசியில், பேர் போனால் போகட்டும் என்று மாட்டுவண்டி பிடித்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் என் தோளில் சாய்ந்திருந்தவர், “கோவமா புள்ள?” என்று கேட்டார். இல்லையென்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, தெரியாது. ரயில் வருமுன் உயிர் போய்விட்டது.

சாவு வீட்டுக்கு டிரெசரும் வந்தார். லயத்துக்காரர்கள் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கருமாதி முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் துணி துவைக்கப் போனேன்.