மீசையில் ஒட்டிய அரிசி

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தலையில் கரண்டு வைத்தார்கள். ஊரில் அதற்கு அதுதான் பெயர். டாக்டர் ஷாக் ட்ரீட்மென்ட் என்றார். என் மாமியார் அக்கம்பக்கத்தில் விஷக்காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார். எது எப்படியோ, தல்லாகுளத்து ஆஸ்பத்திரியிலிருந்து விளாங்குடி வீட்டுக்குத் திரும்பியபோது என் கணக்கில் சில மாதங்கள் காணாமல் போயிருந்தன.

டாக்டர் அடிக்கடி பரீட்சை வைப்பார். எலுமிச்சம்பழம், சாவி, குடை என்று சொல்லிவிட்டு, மழை வெயில் என்று ஏதாவது பேசிக்கொண்டிருந்து, திடீரென்று அந்தச் சாமான்களைத் திருப்பிக் கேட்பார். சொல்லிவிடுவேன். என் கல்யாணப் பந்தியில் ரசம் ஆறிப்போயிருந்தது வரைக்கும் சொல்வேன். "பங்குனி மாசம் என்ன நடந்துச்சு?" என்பார். அங்கே ஒன்றும் இருக்காது. மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போனதும், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாமல் நின்றதும் தெரியும். அதற்கு அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில்.

அந்தப் பங்குனியில்தான் என் தம்பி செத்துப்போயிருந்தான். எங்கள் அம்மா வீடு சமயநல்லூர். திண்டுக்கல் ரோட்டில் சைக்கிளில் வந்தவனை லாரி அடித்துவிட்டது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். இதையெல்லாம் என் கணவர் கட்டிலோரம் நின்று, பார்த்துப் பார்த்துச் சொன்னார். "சரிங்க" என்றேன். காப்பி ஆறுகிறது என்றும் சொன்னேனாம். எனக்கு அப்போது வருத்தமே இல்லை. மரத்துப்போன காலில் யாரோ மிதிப்பது தெரிகிற மாதிரி, செய்தி மட்டும் தெரிந்தது.

"மறந்துபோனத யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. வந்தா தானா வரட்டும்" என்று சொல்லித்தான் டாக்டர் எங்களை அனுப்பினார். மூளையைப் படித்த மனிதர். ஆனால் எங்கள் பக்கத்துத் துட்டியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சாவுக்கு வர முடியாமல் போனவர்கள் பிறகு ஒருநாள் வந்து துக்கம் விசாரிப்பதுதான் துட்டி கேட்பது. வந்து உட்கார்ந்ததும், "எப்படித்தா ஆச்சு?" என்பார்கள். செத்தவனின் ரத்த உறவு முதலிலிருந்து சொல்ல வேண்டும். யார் வந்து தகவல் சொன்னது, போய்ப் பார்த்தபோது முகம் எப்படி இருந்தது, யார் யார் வாய்க்கரிசி போட்டது, எல்லாம். சொல்லாவிட்டால் வந்தவர்களை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். நான் தேறி வந்தது தெரிந்ததும், எனக்காகவே காத்திருந்தது போலச் சனம் வர ஆரம்பித்தது. அம்மா வீட்டுக் கூடத்தில் என்னை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"உடன்பொறந்தவ நீ. வாய்க்கரிசி போட்டியாத்தா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவன் செத்ததைக்கூட ஏற்றுக்கொண்டுவிட்டேன், இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதிலில்லை. கடைசியாக அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேனா இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"போட்டா, போட்டா. அழுதுக்கிட்டே போட்டா" என்றாள் அம்மா.

அடுத்து வந்தவர்களிடம், "குனிஞ்சு, ஒதட்டத் தொட்டுத்தான் போட்டா" என்றாள். அதற்கடுத்து வந்தவர்களிடம் நானே சொன்னேன். போகப் போக எனக்கு அது நன்றாகவே வந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் வந்தவர்கள் முந்தானையை எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன். அவர்கள் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு மேலே சொல்வேன். என் கண்ணில் சொட்டுத் தண்ணீர் வராது. மாத்திரை வேகம் என்று அம்மா சமாளிப்பாள்.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு எல்லாம் தெரிந்தது. வாசல் பந்தல், கீற்று வழியே விழுந்த வெயில், பச்சைச் சேலையில் நான் குனிவது, விரலில் பட்ட உதட்டின் சில்லிப்பு. ஒரு அரிசி அவன் மீசையில் ஒட்டிக்கொண்டது. மீசையைப் பற்றி அம்மா ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் அது என்னுடையதுதான் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது.

டாக்டரிடம் போய், ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அதுல உங்க முகம் தெரியுதாம்மா?"

"நல்லா தெரியுது சார். பச்சச் சேல கட்டியிருக்கேன்."

"குனிஞ்சது நீங்க. அப்ப உங்க முகத்தப் பாத்தது யாரு?"

தன்னையே தள்ளி நின்று பார்க்கிற மாதிரிச் சிலருக்கு உண்மையான ஞாபகமும் வரும், அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால், மூளை அதற்கு வேண்டிய வெளிச்சத்தையும் சூட்டையும் தானே சேர்த்துக்கொள்ளும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கரண்டு வைத்து எடுக்கத் தெரிந்தவருக்கு, தானாக வந்ததைக் கண்டால் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சில வருஷங்கள் கழித்து அம்மா போனாள். அதே வாசல், அதே மாதிரிப் பந்தல். பெண்கள் வரிசையாக அரிசி போட்டார்கள். என் முறை வந்தபோது சின்னம்மா என் கையில் அரிசியை வைத்து, காதோரம், "இந்தவாட்டியாச்சும் கையத் தொறந்து போடுத்தா" என்றாள்.

நான் கையைத் திறந்தேன். அரிசி விழுந்தது. அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனி அந்த வாயிடம் எதுவும் கேட்க முடியாது. பின்னாலிருந்தவர்கள் நகரச் சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்து விளாங்குடிக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். "ஏங்க, தம்பிக்கு நான் அரிசி போடலையா?"

அவர் ரொம்ப நேரம் சட்டையைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். "போடல. அரிசிய அள்ளுனவ கையத் தொறக்கவே இல்ல. ஒங்க அப்பா கெஞ்சுனாரு. பொம்பளையெல்லாம் சேந்து விரலப் பிரிச்சுப் பாத்தாங்க. கடிச்சுட்ட. பொழுது சாயப் போகுதுன்னு தூக்கிட்டாங்க. டாக்டர் வந்து ஊசி போட்டதுக்கப்புறந்தான் விரல் விரிஞ்சுச்சு. அம்புட்டு அரிசியும் உள்ளங்கையில அச்சா பதிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் நீ பேசல, சாப்பிடல. கரண்டு வைக்கத்தான் வேணும்னாங்க, கையெழுத்துப் போட்டேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"போட்டேன்னு சொல்றப்ப ஒன் மூஞ்சி தெளிவா இருந்துச்சு. அதான்."

நான் உள்ளே போய் உலை வைத்தேன். மறுவாரம் தல்லாகுளம் போனேன். பொய் என்று தெரிந்துவிட்டது, அந்தப் பந்தலையும் பச்சைச் சேலையையும் எடுத்துவிட்டு, கையை மூடியதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். டாக்டருக்கு வயதாகியிருந்தது. "எடுக்கவும் முடியாது, குடுக்கவும் முடியாதும்மா" என்றார். பரீட்சை எதுவும் வைக்கவில்லை.

இன்றைக்கும் கண்ணை மூடினால் நான் குனிந்து அரிசி போடுகிறேன். நடக்காத அந்தச் சில்லிப்பு விரலில் இருக்கிறது. கையைத் திறக்க மாட்டேன் என்று ஊரையே எதிர்த்து நின்றவளை எனக்குத் தெரியாது. அவளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எங்கள் இரண்டு பேரில் தம்பிக்காக அழுதவள் அவள்தான். நான் அழுததே இல்லை.