ஏரிப் படமும் ஜனவரி முதலாம் திகதியும்

அந்தப் புகைப்படத்தில் ஆட்களில்லை. கறுத்த ஏரி, கரை முழுக்க ஊசியிலை மரங்கள், ஒரு மூலையில் அலுமினியப் படகின் நுனி. கியூபெக்கில் ஒரு வனவிலங்குக் காப்பகத்துக்குள், தார் வீதி முடிந்து மண்பாதையில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற ஏரி. 2009 ஒக்டோபரில், என்னோடு வேலை செய்த சமையற்கார அண்ணை அந்தப் படத்தை எங்கள் உணவகக் குசினியின் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினார். முந்தின மாதம் மொன்றியலில் இறந்துபோன அவருடைய தாயின் அஸ்தியை அங்கிருந்த தம்பி அந்த ஏரியில்தான் கரைத்திருந்தார். மூத்த மகனாயிருந்தும் அண்ணையால் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. 'கார்த்' எனப்படும் அகதி அட்டை மட்டுமே இருந்தது, பிரெஃபெக்தூர் என்னும் அரச அலுவலகம் தரும் பயண ஆவணம் இல்லை. அடுத்த செப்டெம்பரில் வரும் முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்காவது அந்தக் கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான். பயண ஆவணத்துக்கான அண்ணையின் படிவத்தையும் 2010 பெப்ரவரியில் நிரப்பினேன். அவர் பிறந்தது ஆவணியில். சாதகத்தை நானே பார்த்திருக்கிறேன். அட்டையில் இருந்ததோ, அவரைக் கூட்டிவந்த ஏஜென்ற் கொடுத்த ஜனவரி முதலாம் திகதி.

"தம்பி, இஞ்சை நான் ஜனவரி ஒண்டில பிறந்தவன். சாதகம் ஐயருக்கு, கார்த் பிரெஃபெக்தூருக்கு. ரெண்டையும் கலக்காதையும்," என்றார், வெங்காயம் உரித்தபடி.

"அம்மாவின்ரை காரியத்துக்குப் போறியள். அதிலையும் பொய்த் திகதியோ அண்ணை?"

"சரி, நீர் படிச்ச ஆள்," என்று சிரித்து, கையைத் துடைத்துவிட்டு, நான் எழுதிய ஆவணித் திகதிக்குக் கீழே கையெழுத்திட்டார்.

திகதி பொருந்தவில்லையென்று ஜூனில் படிவம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினோம். ஆவணம் கிடைத்தது நவம்பரில்.

அதற்கு முன்னரே, செப்டெம்பரில் திவசத்தன்று, நாங்கள் இருவரும் ஸ்தாலின்கிராத் மெற்றோ நிலையத்துப் பக்கம் கால்வாய்க்குப் போனோம். கல்விளிம்பில் படத்தைச் சாய்த்து வைத்து அண்ணை எள்ளை இறைத்தார். வாத்துகள் நீந்தி வந்து பொறுக்கின. "அம்மாவும் வாத்து வளர்த்தவ. பிழையில்லை," என்றார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஆவணம் வந்தபின் போகச் சொன்னேன். "அந்த நாள் போட்டுது, தம்பி. இனிப் போய் ஏரி பாக்க நான் என்ன சுற்றுலா வந்த தூறிஸ்தோ?" சார்செல் புறநகருக்கு வீடு மாறியபோது படத்தை என்னிடம் தந்தார். "நீர்தானே திகதி பாக்கிறனீர். அம்மாவின்ரை திதியை வருசா வருசம் எனக்குச் சொல்லும்." 2018 வரை தவறாமல் தொலைபேசியில் சொன்னேன்.

மறுவருடம் அவர் இறந்தார். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் பிள்ளைகள் ஜனவரி முதலாம் திகதியையே போட்டிருந்தார்கள். நான் திருத்தச் சொல்லவில்லை.

படம் இப்போது என் புத்தக அலுமாரியில் இருக்கிறது. ஏரிக்கு வழியை அவருடைய தம்பி எழுதி அனுப்பியிருக்கிறார். என்னிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. அதில் பிறந்த திகதி சரியானது. அவருடைய தாயின் இந்த வருடத் திதியையும் பார்த்து வைத்துவிட்டேன். இன்னும் போகவில்லை.