கை பிடித்துக் கூட்டிப்போனவர்

நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து சேலத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், அஸ்தம்பட்டி ரோட்டைத் தாண்டத் தெரியாமல் தினமும் அழாத குறையாக நிற்பேன். பஸ்ஸும் பைக்கும் யாருக்காகவும் நிற்காது. எங்கள் ஆபீசுக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர்தான் ஒருநாள், "வாங்கம்மிணி, சேந்து போலாம்" என்று கையைப் பிடித்தார். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பார்த்ததும் நம்பத் தோன்றும் முகம்.

அவரிடம் ஒரு பழக்கம். பாதி ரோடு வரை எனக்கு இடப்பக்கம் நடப்பார். சென்டர் மீடியன் வந்ததும் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்துவிடுவார். ஏதோ சாங்கியம் போல என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலையில், பாதி ரோடு தாண்டுவதற்குள், பைக்கில் வந்த ஒருவன் என் வலது கையில் இடித்துவிட்டுப் போனான். மணிக்கட்டு முறிந்தது. அவர் சட்டையில் தூசிகூட இல்லை. அவரோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி எந்தப் பக்கம் வருகிறதோ, அந்தப் பக்கம் எப்போதும் நான்.

"ஏனுங்க, வேணும்னேதான் என்னய அந்தப் பக்கம் உட்டீங்களா?"

"ஆமாங்கம்மிணி," என்றார், கொஞ்சமும் கூசாமல். "எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்க. உங்களுக்கு இன்னும் கண்ணாலமே ஆகலீங்களே."

கட்டோடு மறுபடி வேலைக்குப் போன அன்று, தனியாகவே தாண்டிவிடுவது என்று வெகுநேரம் நின்றேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. அவர் வந்தார். "போலாங்களா?"

இடது கையை நீட்டினேன். மீடியனில் வழக்கம்போலப் பக்கம் மாறினார். கட்டுப் போட்ட கையை, துளிகூட வலிக்காமல், அத்தனை பதனமாகப் பிடித்துக்கொண்டார்.