வெள்ளித் தண்ணீரும் ஜெயத்தின் காலும்

ஜெயத்துக்கு வலது காலில் யானைக்கால். சேதராப்பட்டு சோப்பு கம்பெனியில் நின்றுகொண்டே பெட்டி ஒட்டும் வேலை பார்த்தாள். கால் வீங்க வீங்க நிற்க முடியவில்லை, நிறுத்திவிட்டார்கள். 2009இல் காலாப்பட்டுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது.

அங்கே ஆராய்ச்சி மாணவி சுடர்விழியின் மேசையில், கண்ணாடித் தட்டுக்குள் வெள்ளை நூல் நூலாக ஏதோ நெளிந்தது.

"இன்னா பாப்பா இது?"

"எருமை வயித்துல எடுத்த புழுக்கா. உங்க கால்ல பூந்த புழுவுக்கு இது சொந்தம்."

ஜெயம் துடைப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்தாள்.

கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான வெள்ளி கலந்த தண்ணீரைச் சுடர்விழி தட்டில் ஊற்றினாள். டிகாஷன் நிறத்தில் இருந்தது. மறுநாள் ஒரு புழுவும் அசையவில்லை.

"இத எனக்கு எப்பம்மா குடுப்ப?"

"ரத்தத்துக்குக் கெடுதல் இல்லன்னு மொதல்ல பாக்கணும்கா."

"கொலுசு ஒண்ணு சும்மாதான் கெடக்குது. கொதிக்க வச்சிக் குடிக்கட்டா?"

"ஐயோ! அது வேற, இது வேற. அப்டில்லாம் பண்ணிடாதீங்க."

சோதனைக்கு ரத்தம் வேண்டும் என்றதும் ஜெயம் கையை நீட்டினாள்.

"நோயில்லாதவங்க ரத்தம்தான் வேணும்கா" என்ற சுடர்விழி, பக்கத்து மேசைப் பெண்ணிடம் தன் ரத்தத்தையே எடுக்கச் சொன்னாள்.

ரத்த அணுக்கள் உடையாமல் இருந்தால் குழாயின் அடியில் தங்கிவிடும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். புழுவைக் கொன்ற அளவு வெள்ளியை ஊற்றிய குழாய் முழுக்கச் சிவந்துபோயிருந்தது. அளவைக் குறைத்தாள். தண்ணீர் தெளிந்தது, தட்டில் புழுக்களும் நெளிந்துகொண்டே இருந்தன. மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே கதைதான்.

"ரத்தம் கெட்டாலும் போவுது. எனக்கு ஊத்திப் பாரேன்" என்றாள் ஜெயம்.

சுடர்விழி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். "அக்கா, புழு செத்தாலும் உங்க காலு வத்தாது. உள்ள நீர் போற பாதையே கெட்டுப்போச்சி. மருந்து கெடச்சாலும் இனிமே வர்றவங்களுக்குத்தான்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா."

சுடர்விழி தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மழைக்காலத்தில் ஜெயத்துக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. வீக்கம் முழங்காலைத் தாண்டியது. பஸ் படி ஏற முடியாமல் வேலையை விட்டாள். சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பிய சுடர்விழி, ஜெயத்தின் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டாள்.

"புதுசா ஏதாச்சும் வந்தா போன் பண்றேன்கா."

"சரிம்மா" என்றாள் ஜெயம். எந்த நம்பருக்கு என்று சுடர்விழியும் கேட்கவில்லை, ஜெயமும் சொல்லவில்லை.