டூலிப் கிழங்குகளின் தட்டு

சிட்னியின் செவன் ஹில்ஸில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்கார ஆன்ட்டி மெலிந்தவர். வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியோடுதான் இருப்பார். மார்ச்சில் இலையுதிர்காலம் தொடங்கியதும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை டூலிப் கிழங்குகளுக்கு ஒதுக்கிவிடுவார். சிட்னிக் குளிர் அவற்றுக்குப் போதாதாம். சில வாரம் ஃப்ரிட்ஜில் இருந்தால்தான் நட்ட பிறகு ஒழுங்காகப் பூக்குமாம். என் தயிரும் தோசை மாவும் மேல்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

ஒருநாள் நான் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ஆப்பிள்களோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இதுகளை அங்க வைக்காதேங்கோ. அப்பிள் பக்கத்தில இருந்தா கிழங்குக்குள்ள மொட்டுக் கருகிப்போடும்."

"அப்போ நான் எங்கே வைக்கிறது ஆன்ட்டி?"

"சாப்பிடுங்கோ," என்றார்.

அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்த்தேன்.

மே மாதம் அவர் கிழங்குகளை நட, குழி தோண்டியது நான்தான். செப்டம்பரில் ஒரு காலை முதல் பூ சிவப்பாக விரிந்திருப்பதைக் கண்டு சமையலறைக்கு ஓடினேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஓம், வந்திட்டுது," என்றுவிட்டு மறுபடியும் பயற்றங்காய் முறிக்க உட்கார்ந்தார்.

"கிட்டப் போய்ப் பார்க்கலையா ஆன்ட்டி?"

"எனக்குப் பூவில பெரிய விருப்பமில்லை தம்பி. வருமோ வராதோ எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறதுதான் விருப்பம்."

பூக்கள் உதிரும்வரை அவற்றை ரசித்தது நான் ஒருவன்தான். அவரோ அடுத்து எதை நடலாம் என்ற யோசனையில் இருந்தார். அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.