மீனம்பாள் போட்ட சுண்ணாம்புக் கோடு

செஞ்சியில் சிங்கவரம் போகிற சாலையில் நின்று மீனம்பாள் வீடு எது என்று கேட்டால் பொடிசுகூட கை காட்டும். பெரிய மனுஷி என்பதால் அல்ல, வறட்டிக்காரி என்பதால். பன்னிரண்டு வயதில் சாணிக் கூடையைத் தலையில் ஏற்றியவள், முப்பத்தாறு ஆகியும் இறக்கவில்லை. புருஷன் முருகையன் கல்லுடைக்கப் போன இடத்தில் வெடியில் மாட்டிச் செத்தான். பிள்ளை குட்டி கிடையாது. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் உலை கொதிக்குமா? காரியம் முடிந்த மறுநாளே கூடையைத் தூக்கிவிட்டாள். காணி நிலமில்லை, காதில் பொட்டுத் தங்கமில்லை. அடுத்தவர் பொருளில் கை வைக்காதவள் என்ற பேர் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பேரை நம்பித்தான் பெண்கள் பூட்டாத தோட்டக் கதவு வழியாக அவளைச் சாணி அள்ள உள்ளே விட்டார்கள்.

அறுபத்துநாலாம் வருஷம் அவள் பிழைப்பில் மண் விழுந்தது. மல்லாட்டைக் கடலை மண்டி அப்பாண்டைராஜ் நைனார் தன் வீட்டுத் தோட்டத்தில் சாணி கேஸ் தொட்டி கட்டினார். வட்டார ஆபீசிலிருந்து வந்தவர்கள் மானியம் உண்டு என்று ஆசை காட்டினார்கள். ஆனால் அவரை அசைத்தது மனைவி தர்மவதிதான். சமணக் குடும்பம், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள். விறகுக்குள் இருக்கிற எறும்பையும் கரையானையும் சேர்த்தல்லவா எரிக்கிறோம் என்று அந்த அம்மாள் ஒவ்வொரு கட்டையையும் தட்டித் தட்டி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். கேஸ் வந்தால் அந்தப் பாவம் இல்லை என்றதும் பிடித்த பிடி விடவில்லை.

கிணறு மாதிரி ஒரு செங்கல் தொட்டி. சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றினால் உள்ளே புளித்துக் காற்று கிளம்பும். அந்தக் காற்றைப் பிடித்து வைக்க மேலே கவிழ்த்த பெரிய இரும்பு டிரம். காற்று சேரச் சேர டிரம் ஏறும். அடுப்பு எரிய எரிய இறங்கும். நைனார் கொட்டகையில் இருபது உருப்படி மாடு. அதுவரை அவள் அள்ளிய அத்தனை சாணியும் தொட்டிக்கே போனதால் மீனம்பாளுக்குத் தட்ட அதிகம் மிச்சமில்லை. நைனார் அவளையே சாணி கரைத்து ஊற்றக் கூலிக்கு வைத்துக்கொண்டார், மாதம் பதினெட்டு ரூபாய். கையை முழங்கை வரை சாணிக் கரைசலில் விட்டு, துரும்பும் கல்லும் தடவி எடுத்து, நாளைக்கு இருபது கூடை. வேலையில் ஒரு சொட்டு குறை சொல்ல முடியாது.

ஒரு வீட்டுக்கு அந்தக் காற்று அதிகம். பக்கத்திலிருந்த பங்காளிகள் இரண்டு வீட்டுக்கும், எதிர்வீட்டு ஜவுளிக்கடை சுந்தரமூர்த்திக்கும் குழாய் இழுத்தார்கள். அப்புறம்தான் சிக்கல். காற்றுக்கு என்ன விலை வைப்பது? படியில் அளக்கவா, தராசில் நிறுக்கவா? நாலு நாள் பேசியும் வழி பிடிபடவில்லை. கடைசியில் நைனார், "வீட்டுக்கு மாசம் அஞ்சு ரூபா. எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று முடித்தார். நியாயஸ்தர்தான், யார் இல்லை என்றது? நியாயஸ்தர் கண்ணுக்கும் சில சமயம் பக்கத்தில் இருப்பது தெரியாது.

இரண்டாம் மாதம் சுந்தரமூர்த்தி பணம் தர முடியாது என்றுவிட்டார். "எங்கூட்டு அடுப்பு ராத்திரியில புஸ்ஸுன்னு அணைஞ்சி போவுது நைனாரே. உங்களுக்கும் அழுதுட்டு வெறகுக்கும் அழுவணுமா?" அன்று ராத்திரி நைனார் தோட்டத்தில் போய்ப் பார்த்தார். டிரம் தரைதட்டிக் கிடந்தது. இருபது கூடை சாணி போனால் இப்படி இறங்குமா? மீனம்பாள் வீட்டுச் சுவரில் வறட்டி காய்கிறது என்று யாரோ காதில் போட்டார்கள். போதாதா? மறுநாள் காலை, தெருவே வாசல் தெளித்துக்கொண்டிருந்த நேரத்தில், நைனார் அவளைச் சுந்தரமூர்த்தி வீட்டு முன்னால் நிறுத்தினார்.

"தொட்டிக்குப் போற சாணியத் திருடி வறட்டி தட்டுறியா?"

"ஐயோ, அது ரோட்டுல வண்டிமாடு போட்ட சாணி நைனாரே. ஒண்ணு ரெண்டு பொறுக்கி..."

"திருடிக்கு வாய் வேற. மூணு நாள் பாக்குறேன். டிரம் ஏறலன்னா வேலையும் இல்ல, இந்தத் தெருப் பக்கம் வரவும் கூடாது."

வாளிகள் அப்படியே நின்றன. இருபத்துநாலு வருஷம் கூடை சுமந்து சேர்த்த பேர் ஒரு வாளித் தண்ணீர் காய்வதற்குள் போய்விட்டது. மீனம்பாளுக்கு அழுகை வரவில்லை. இந்தத் தெரு மூடினால் மற்ற தெருக்களும் மூடும் என்று அவளுக்குத் தெரியும். திருடி என்று பேர் வாங்கியவளை எவள் தோட்டத்தில் விடுவாள்?

எழுதத் தெரியாது. ஆனால் கண் இருந்ததே. வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து, விடிந்ததும் டிரம்மின் மேல்விளிம்பு நிற்கிற மட்டத்தில் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட்டாள். பகல் சமையல் முடிந்ததும் ஒரு கோடு. பொழுது சாயுமுன் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. மூன்று நாளும் இதே வேலை. கூடையை எண்ண தர்மவதி அம்மாளையே கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தாள். அந்த அம்மாளும் முகம் சுளிக்காமல் நின்று எண்ணினாள்.

நாலாம் நாள் சாயங்காலம் நைனாரைத் தோட்டத்துக்கு அழைத்தாள்.

"இத பாருங்க. விடியக்கால அஞ்சு சாண் ஏறி நிக்குது. பகல்ல ரெண்டா எறங்கி, பொழுதுக்குள்ள மறுபடி மூணா ஏறிடுது. சாணி கொறஞ்சா இப்படி ஏறுமா? இப்ப கீழ இருக்கிற கோட்டப் பாருங்க. பொழுது சாய ஒரு நாழி இருக்கச்சே மூணு வீட்டுலயும் ஒண்ணா அடுப்பு பத்துது. விளக்கு வெக்கிறதுக்குள்ள டிரம் காலி."

"அதனால இன்னா?"

"நீங்க மூணு வீடும் பொழுதோட சாப்டுறவங்க. ஜவுளிக்கடைச் செட்டியாரு கடையச் சாத்திட்டு வந்தப்புறம் எட்டு மணிக்குத்தான் அவரு வீட்டுல ஒலை வெப்பாங்க. அவருக்கு மிஞ்சறதுக்கு இன்னா இருக்குது?"

நைனார் குனிந்து கோடுகளை எண்ணிப் பார்த்தார். சமண நெறிப்படி பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் உண்டறியாத மனுஷர். இருட்டில் ஒரு வீட்டில் உலை வைப்பார்கள் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. எல்லாருக்கும் ஒரே விலை வைத்தவர், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும் என்றும் நினைத்துவிட்டார். "மீனம்பா சொல்றது சரிதாங்க. இருபது கூடையும் நான்தான் எண்ணினேன்" என்றாள் தர்மவதி.

"தப்பு எம்மேலதான் மீனம்பா" என்றார் நைனார், குரல் இறங்கி. "இனிமே ஒரு கோடு வெச்சி, அதுக்குக் கீழ இருக்கிறத அவருக்குன்னு விட்டுருவோம். எத்தன சாண் எறங்குதோ அதுக்குத் தக்கன காசு. நீயே கோடு போடு. கூலி ரெண்டு ரூபா சேத்து வாங்கிக்க. உம்மேல குத்தமில்ல."

மீனம்பாள் கையைக்கூடக் கழுவவில்லை. சாணி காய்ந்த கையோடு அப்படியே நின்றாள்.

"ரெண்டு ரூபா வேணாங்க. திருடின்னு தெருவுல சொன்னீங்க. இல்லன்னு தோட்டத்துல சொல்றீங்க."

ராஜகிரி மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சோறு இறக்கியாகிவிட்டது. இப்போது உட்காராவிட்டால் அன்றைக்குப் பட்டினிதான். நைனார் மனைவி முகத்தைப் பார்த்தார். "போய்ட்டு வாங்க" என்றாள் அவள்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். முதலில் பங்காளிகள் வீடு. ஒருவர் கேட்டுக்கொண்டார், மற்றவர் இதென்ன வெட்கக்கேடு என்று கையைப் பிடித்து இழுத்து அரைமணி வாதாடினார். சுந்தரமூர்த்தி கடையிலிருந்து திரும்பும்போது தெரு முழுக்க விளக்கு ஏறிவிட்டது. வாசலில் நைனார் நின்றிருந்தார். நாலு வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மீனம்பா சாணி திருடல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

சுந்தரமூர்த்திக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "அட, அவகிட்ட சொன்னா போதாதா? இத இங்க வந்து நின்னு சொல்லணுமா நைனாரே?"

"இங்கதான சொன்னேன்."

கொஞ்சம் தள்ளி, தெருமுனையில் நின்றிருந்த மீனம்பாள் அப்போதுதான் அழுதாள்.