கடைசி சஹனில் கேட்ட கதை

பின்னால் மிக்ஸி ஓடுகிறது. முன்னால் ஒரு பெண் குரல் பதறுகிறது. "சகோதரிமாரே, மார்புல கட்டி வந்தா ஊசி மட்டும் குத்த விட்டுடாதீங்க. ஊசி பட்டா உடம்பெல்லாம் பரவிடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் அப்பிடித்தான் மௌத்தான..."

இந்தக் குரல் பதிவு உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பேசுகிறவர் யார்? எந்த ஊர்? யாருக்கும் தெரியாது. உயிர் போகிற விஷயம் சொல்லும்போது அந்த மிக்ஸியையாவது நிறுத்தியிருக்கலாமே என்று சிரித்துவிட்டு, நான் அதை அழித்துவிட்டேன்.

பர்வீன் அழிக்கவில்லை.

பர்வீன் என் தம்பியின் மனைவி. நாத்தனாரான என்னை 'மச்சி' என்றுதான் கூப்பிடுவாள். தம்பி கட்டாரில். அவள் கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். மார்பில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. மிட்வைஃப் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய், டொக்டர் பார்த்து, ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க ஒரு நாளும் கொடுத்துவிட்டார். அந்த நாளில் பர்வீன் எங்கே இருந்தாள்? வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் போன் எடுத்தேன்.

"நோவே இல்ல மச்சி. அது பாட்டுல கிடக்கட்டும். சும்மா கிடக்கிறத என்னத்துக்குக் குத்திக் கிளப்புற?"

"ஊசி பட்டா பரவும் எண்டு ஆரு புள்ள சொன்ன?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. மேலத் தெரு ஆயிஷாட உம்மா ஊசி போட்ட பொறகுதானே மௌத்தான?"

ஆயிஷாவின் உம்மா, நோய் முற்றி எழும்ப முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனவர். அதைச் சொன்னேன். கேட்கவில்லை. டொக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கும் வீடியோவை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு ரோஜாப்பூப் படமும் 'ஜும்ஆ முபாரக்'கும் வந்தன. கட்டாரிலிருந்து தம்பி அழாக்குறையாகக் கெஞ்சினான். ம்ஹும்! எனக்கு வந்தது கோபம் என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது பயம். அந்தப் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

இதற்கிடையில் ரம்ஸியா ராத்தா வீட்டுக் கலியாணம் வந்தது.

ரம்ஸியா ராத்தா பர்வீனுக்குப் பக்கத்து வீடு. தையல்காரி. அந்தத் தெருவில் அவர் தைத்த சட்டையைப் போடாத பெண் இல்லை. கணவர் இல்லாமல் மூன்று குமர்களை வளர்த்து, இரண்டைக் கட்டிக்கொடுத்துவிட்டார். இது கடைசி மகள். மாப்பிள்ளைக்கு ஊர் மதுரங்குளி.

நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சாப்பிட்டு வேனில் ஏறிப் போனார்கள். அதற்குப் பிறகுதானே வீட்டுப் பெண்களுக்குப் பசி தெரியும்? நாங்கள் ஆறு பேர் கடைசி சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரே பெரிய தட்டு, நடுவில் சோறு, சுற்றிவர ஆறு பேர். உங்கள் பக்கம் குறைந்தால் எதிரே இருப்பவர் இறைச்சியைத் தள்ளிவிடுவார். முகத்தை மறைத்துக்கொண்டு சாப்பிட வழியே இல்லாத ஏற்பாடு!

"என்ன புள்ள, தின்னாம அளைஞ்சிக்கிட்டு இரிக்கிறாய்?" என்றார் ரம்ஸியா ராத்தா.

பர்வீன் உடைந்துவிட்டாள். கட்டி, ஊசி, குரல் பதிவு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "அல்லாஹ் காவல்" என்றார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் ஆயிஷாவின் உம்மா கதையை எடுத்தார். சரிதான், இனி இவளை யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

ரம்ஸியா ராத்தா மகள் இருந்த அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரு பக்கம் இல்ல."

ஐந்து கைகளும் சோற்றில் அப்படியே நின்றுவிட்டன.

"சின்னவ ஸ்கூல் போற காலத்துல எடுத்த. வாதத்துக்கு மருந்தெடுக்கப் போறன் எண்டு சொல்லிட்டுத்தான் கொழும்புக்குப் போன. ஊசியும் குத்தின, கத்தியும் வச்ச. பரவியிருந்தா இந்தக் கலியாணத்த ஆரு முடிச்சிருப்பாங்க?"

"இவ்வளவு காலமும் ஏன் ராத்தா சொல்லல்ல?"

"மூணு குமர வச்சிக்கிட்டா? உம்மாக்கு அந்த நோய் எண்டு தெரிஞ்சா மகள ஆரு எடுப்பாங்க? இண்டைக்குக் கடைசிக் குமரும் கரையேறிட்டு. இனி எனக்கென்ன?"

எதிரே இருந்த ஸபீனா மெல்லத் தொண்டையைச் செருமினாள். "எனக்கும் குத்தின. சும்மா கட்டிதான். நானும் ஒருத்தருக்கும் சொல்லல்ல..."

பார்த்தீர்களா? ஒரே சஹனில் இரண்டு பேர்! நோயில் இறந்தவரின் கதை ஊருக்கே பொதுச் சொத்து — மையித்து வீட்டிலிருந்தே கிளம்பிவிடும். பிழைத்தவரின் கதையோ அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அப்புறம் பர்வீன் போன்றவர்கள் கணக்குப் போட்டால் என்ன விடை வரும்? ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாம் மௌத்து! அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் காதுக்கு வந்த கதைகள் அத்தனையும் ஒரே பக்கத்துக் கதைகள்.

பர்வீன் போனாள். கூடவே, புது மாப்பிள்ளைக்குச் சமைப்பதைக்கூட விட்டுவிட்டு ரம்ஸியா ராத்தாவும் பஸ் ஏறினார். முடிவு வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு நாள் போன் அடித்தது.

"மச்சி... ஒண்டுமில்லையாம்! கெட்ட கட்டி இல்லையாம்!"

அல்ஹம்துலில்லாஹ். கதிரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கட்டாரில் தம்பியும் அழுதானாம்.

இத்தோடு முடிந்திருந்தால் சுபம். ஆனால் சந்தோஷம் தலைக்கேறிய பர்வீன் என்ன செய்தாள் தெரியுமா? ஊர்ப் பெண்கள் குழுவில் ஒரு குரல் பதிவைப் போட்டுவிட்டாள். "நான் பர்வீன் பேசுறன். எனக்கு ஊசி குத்தின, ஒண்டுமில்ல. பயப்படுற ஆக்கள் என்னோட வாங்க." அதோடு நின்றாளா? "ரம்ஸியா ராத்தா கத்தி வச்சே நல்லா இரிக்கிறாங்க" என்றும் சேர்த்துவிட்டாள். கேட்காமலேயே!

எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பதிவு பாலாவிச் சந்தியைத் தாண்டி மதுரங்குளிக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? அஸர் தொழுகைக்கு முன்பே போய்விட்டது. சம்பந்தியம்மா ரம்ஸியா ராத்தாவுக்குப் போன் எடுத்தார். ராத்தா அதை ஸ்பீக்கரில் போட்டார். கலியாணம் முடிந்து மாதம்கூட ஆகவில்லை.

"ஏன் எங்களுக்கு முந்தியே சொல்லல்ல?"

பர்வீன் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"சொல்லியிருந்தா நானும் உங்களோடயே வந்திருப்பனே..." என்றார் சம்பந்தியம்மா. "எனக்கும் ஒண்டு இரிக்கி. மகனுக்குப் பொண்ணு பேசுற நேரம் இதச் சொன்னா ஆரு தருவாங்க எண்டு பொத்தி வச்சிட்டன்."

பிறகு சம்பந்தியம்மாவும் போய்ச் சோதித்தார். அவருடையது நல்ல கட்டி இல்லை. ஆனால் நேரத்தோடு பிடித்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாகத் தேறி வருகிறார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கியதை முழுதாகக் கேட்க யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து மறைத்தார். மாப்பிள்ளையைப் பெற்றவர் பெண் வீட்டுக்குப் பயந்து மறைத்தார். சம்பந்தம் பேசி வைத்த தரகரைப் பாராட்டத்தான் வேண்டும் — இவ்வளவு பொருத்தமான இரண்டு குடும்பங்களை வேறு எங்கே தேடிப் பிடிப்பது?